உமிக்கரியும் வெத்தலைச் செல்லமும்

ஆச்சி வீட்டுப் புறவாசலில் அவ்வப்போது உமி கருகும். ஓட்டைப் பானையில் உமியைக் கொட்டி, நடுவில் கனிகிற சிரட்டைத் துண்டு ரெண்டைச் செருகிவிட்டால், தீயாக எரியாமல் ராத்திரி முழுக்கப் புகைந்துகொண்டே கிடக்கும். விடியும்போது தொழுவம், கிணற்றடி, கொடியில் காய்கிற என் பாவாடை எல்லாவற்றிலும் அந்த வாசம் ஏறியிருக்கும். கருகியதை அம்மியில் வைத்துக் கல்லுப்பு சேர்த்து நுணுக்கி, பழைய வேட்டித் துணியில் சலித்து, சிரட்டையில் அள்ளி அங்கணத்து மதில்மேல் வைப்பாள் ஆச்சி. வீட்டில் அத்தனை பேர் ஆள்காட்டி விரலும் காலையில் அந்தச் சிரட்டைக்குள்தான்.

"வெளக்குனா கிறீச்சுன்னு சத்தம் வரணும்ட்டி. அப்பதான் பல்லு பல்லா இருக்கும்" என்பாள். அந்தச் சத்தம் வரும்வரை நானும் விடமாட்டேன். கரி தீர்ந்துபோனால் செங்கல்லை உரசி எடுத்த பொடி. துலக்கி முடித்ததும் பக்கத்து வீட்டுச் சேக்காளியோடு பித்தளைக் குடத்தின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, யார் பல் அதிக வெளுப்பு என்று ஈ காட்டிப் பார்த்துக்கொள்வோம். குடம் எங்கள் இருவர் பல்லையும் மஞ்சளாகத்தான் காட்டும். ஆனாலும் போட்டி ஓயாது.

நம் உடம்பிலேயே கடினமான பொருள் பல்லின் மேல்பூச்சான எனாமல். தாதுக்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் அதற்கு 5. செங்கல்லில் கலந்திருக்கும் குவார்ட்ஸ் மணலுக்கு 7. உமியிலும் அந்த மணலின் சத்தான சிலிக்கா நிறைய உண்டு. அழுக்கோடு சேர்த்துப் பல்லையும் நாங்கள் அன்றாடம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துக்கொண்டிருந்தோம். எனாமலை உண்டாக்கும் செல்கள் பல் முளைத்ததோடு போய்விடுகின்றன. தேய்ந்தது தேய்ந்ததுதான், நகம் மாதிரி வளராது. இன்றைக்கும் என் முன்பல் ஈறோடு சேருகிற இடத்தில் நகத்தை வைத்தால் ஒரு சின்னப் பள்ளத்தில் இடறும். குளிர்ந்த தண்ணீர் பட்டால் அங்கேதான் சுள்ளென்று கூசும்.

சின்ன மாமா கலர் பாட்டில் மூடியைக் கடைவாய்ப் பல்லால் திறப்பார். கல்யாண வீட்டில் பிள்ளைகள் சுற்றி நிற்க, 'டொப்' என்று மூடி தெறிக்கும்போது அவர்தான் எங்களுக்குக் கதாநாயகன். தாத்தா சாப்பிட்ட கையோடு சட்டை ஊக்கைக் கழற்றி பல்லிடுக்கைக் குத்துவார்; ஈறு கிழிந்து ரத்தம் வந்தாலும் உப்புத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு மறுபடி அதே ஊக்கு. பொங்கலுக்கு வாங்கும் கரும்பை அரிவாள் தொடாமல் கணுவோடு கடித்து உரிப்பது எங்கள் தெருவின் வீரம். பல்லை ஒரு ஆயுதமாக நினைத்த ஊர் அது.

எனக்குப் பிடித்தது கமர்கட்டு. பாகில் தேங்காய்த் துருவல் போட்டு உருட்டிய அந்தக் கறுப்பு உருண்டையைக் கடிக்க மனசு வராது, சீக்கிரம் தீர்ந்துவிடும். கன்னத்தில் அதக்கிக்கொண்டு, ஆச்சி முதுகில் தட்டிக்கொடுக்க, அப்படியே தூங்கிப்போவேன். தூக்கத்தில் எச்சில் ஊறுவது குறைந்துவிடும். பல்லைக் கழுவிக் காப்பதே எச்சில்தான். வாயிலுள்ள கிருமிகளோ இனிப்பை அமிலமாக்கிக்கொண்டே இருக்கும். விடியவிடிய அந்த அமிலத்தில் ஊறியது என் கடைவாய்ப் பல். குழி விழுந்தபோது ஆச்சி கிராம்பை நசுக்கி வைத்தாள். வலி மரத்துப்போனது, குழி மட்டும் உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

ஆச்சியின் வெத்தலைச் செல்லம் பித்தளையில், மூலை மழுங்கி, மூடியில் அன்னம் வரைந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்து திண்ணையில் காலை நீட்டியதும் அது திறக்கும். காம்பைக் கிள்ளி, வெத்தலை முதுகில் சுண்ணாம்பைத் தடவி, பாக்குவெட்டியில் கொட்டைப்பாக்கை 'கடக்' கென்று நறுக்குவாள். கடைசியில் ஒரு துண்டு போயிலையை இடது கடைவாயில் ஒதுக்கிக்கொண்டால் கதை கிளம்பும். கதை கேட்கிற எனக்கும் ஒரு பாக்குச் சீவல் கிடைக்கும்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஆச்சிக்கு உறைப்பு ஆகாமல் போனது. குழம்பு நாக்கில் பட்டாலே வாய் எரிகிறது என்றாள். முறுக்கை உடைத்துத்தான் வாயில் போட முடிந்தது; கொட்டாவி விடும்போது வாய் பாதிகூடத் திறக்கவில்லை. வயசாகிவிட்டது என்று நாங்கள் எல்லாரும் நினைத்தோம். பாளையங்கோட்டையில் ஒரு பல் டாக்டரம்மா ஆச்சியின் மூன்று விரல்களைச் சேர்த்து நெட்டுக்குத்தாக அவள் வாய்க்குள் வைக்கச் சொன்னார். ரெண்டு விரலே நெருக்கிக்கொண்டு நின்றது. கன்னத்தின் உள்தோல் நார்நாராக இறுகி, வெளுத்துக் கிடந்தது.

"சுண்ணாம்புதானம்மா பொத்துப்போச்சு?" என்றாள் ஆச்சி.

"இல்ல ஆச்சி, பாக்கு."

செல்லத்தில் கெடுதல் என்றால் அது போயிலைதான் என்றே எல்லாரும் நினைத்திருந்தோம். அதுவும் கொடியதுதான். ஆனால் கன்னத்தை இப்படி இறுக வைப்பது பாக்கு. போயிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. செல்லத்தை ஆச்சி அன்றைக்கே பரணில் ஏற்றிவிட்டாள். ஆனால் இறுகிய கன்னம் இளகவில்லை. கடைசிவரை குழையப் பிசைந்த மோர்ச் சோறுதான் அவளுக்கு.

உங்கள் வீட்டிலும் வெத்தலை பாக்கு போடுகிற ஆச்சியோ, பாக்குப் பொட்டலத்தைக் கிழித்து வாயில் கொட்டுகிற தம்பியோ இருக்கலாம். இன்றைக்கே வெளிச்சத்தில் உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். அவர்களுடைய மூன்று விரல் உள்ளே போகிறதா, உறைப்பு எரிகிறது என்கிறார்களா, வெள்ளையாகவோ சிவப்பாகவோ படை தெரிகிறதா, ரெண்டு வாரமாகியும் ஆறாத புண் உண்டா என்று கவனியுங்கள். ஒன்று இருந்தாலும் தள்ளிப்போட வேண்டாம். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறது, கூடவே போய்க் காட்டிவிட்டு வாருங்கள்.