சமர்க்களம் பார்க்க வருவோர்: சில குறிப்புகள்

ஆனையிறவு, ஏ9 வீதியோரம். இரும்புத் தகடு போர்த்திய புல்டோசர். 1991 யூலையில் புலிகள் இதை இராணுவ முகாமை நோக்கி ஓட்டி வந்தார்கள். அதில் ஏறிக் குண்டை வெடிக்கவைத்து இறந்த சிப்பாய் ஹசலக்க காமினிக்கு அரசு பரம வீர விபூஷணம் வழங்கியது. அந்த விருது முதலில் கிடைத்தது அவருக்குத்தான். தெற்கிலிருந்து வரும் பஸ்கள் இங்கே நிற்கின்றன. வண்டிக்குள் இருந்து செத்தவர்களின் பெயர் அங்கே இல்லை. அவர்களையும் ஒரு தாய்தான் பெற்றாள்.

போர் முடிந்து ஏ9 திறந்ததும் 2010இல் தென்னிலங்கைச் சனம் திரண்டு வந்தது. ஆனால் அந்தப் பாதை புதியதல்ல. குறிகட்டுவானில் படகேறி நயினாதீவு நாகவிகாரைக்குப் போகும் பௌத்த யாத்திரை போருக்கு முன்பே இருந்தது. அதே யாத்திரையில் ஆனையிறவும் யாழ். கோட்டையும் பொது நூலகமும் சேர்ந்துகொண்டன. ஆனையிறவில் மகனைப் பறிகொடுத்த சிங்களத் தாயும் அந்த பஸ்ஸில் வந்திருப்பாள். அவளை வேடிக்கை பார்க்க வந்தவள் என்று எழுத என்னால் முடியாது.

சமர்க்களம் பார்க்கப் போவது இங்கே மட்டும் நடப்பதல்ல. முதல் உலகப் போர் ஓயும் முன்பே, 1917இல், மிஷெலின் நிறுவனம் போர்க்கள வழிகாட்டி நூல்களை வெளியிடத் தொடங்கிவிட்டது. 1928இல் பிரித்தானியப் படைவீரர் சங்கம் ஏறத்தாழ 11,000 பேரை பிரான்சுக்கும் பெல்ஜியத்துக்கும் கூட்டிப்போனது. உடல்களை ஊருக்குக் கொண்டுவர பிரித்தானிய அரசு விடவில்லை. அதனால் உறவுகள் கல்லறையைத் தேடிப் போயின. உடல் கிடைக்காத 54,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் ஈப்பர் நகரின் மெனின் வாயிலில் இருக்கின்றன.

இறந்த புலிகளுக்கான கோப்பாய் மாவீரர் துயிலும் இல்லத்திலும் இதே ஏற்பாடு இருந்தது. உடல் கிடைத்தவருக்குக் கல்லறை, கிடைக்காதவருக்கு நினைவுக்கல். 1995-96இல் யாழ். குடாநாட்டை இராணுவம் பிடித்தபின் அது இடிக்கப்பட்டது. 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு சனம் திரும்பக் கட்டியது. போர் முடிந்தபின் மறுபடி தரைமட்டம். 2011 மார்ச்சில் அந்தக் காணியிலேயே 51ஆவது படைப்பிரிவின் தலைமையகத்தைத் திறந்தார்கள். நவம்பர் 27, மாவீரர் நாளன்று பெற்றவர்கள் முகாமுக்கு எதிரே உள்ள காணியில் விளக்கேற்றுகிறார்கள். பிள்ளை கிடக்கும் மண் கண்ணுக்கு முன்னால். உள்ளே கால் வைக்க முடியாது. இதைவிடக் கொடிய யாத்திரையை நான் அறியேன்.

வல்வெட்டித்துறையில் புலிகளின் தலைவர் பிரபாகரனின் வீடு: தெற்கத்தியரும் வந்து பார்த்தார்கள், பிறகு இல்லாமல் போனது. வன்னியில் அவரது நிலக்கீழ் பதுங்கிடம்: சுற்றுலாவுக்குத் திறந்து காட்டினார்கள், 2013 ஒக்டோபரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். யாழ். பல்கலைக்கழக முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி: 2021 ஜனவரி 8 இரவு இடித்தார்கள், மாணவர் போராட்டத்தால் ஏப்ரலில் மீண்டும் எழுந்தது.

யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவையும் இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். 1990 ஒக்டோபரில் புலிகள் முஸ்லிம்களை வெளியேற்றிய இடம் அது. அந்த இழப்பை விட்டுவிட்டு எங்கள் இழப்பை மட்டும் எழுதுவது நேர்மையல்ல.

நிற்கும் சின்னங்களை மட்டும் கணக்கெடுத்தால் வென்றவரின் வழிகாட்டி நூல்தான் மிஞ்சும். இடித்தவற்றின் பட்டியலையும் ஆய்வாளர் முதலிலேயே எழுத வேண்டும். அதற்கான சான்று வீட்டு அல்பங்களில்தான் இருக்கிறது.

கோப்பாய், கொடிகாமம், எள்ளங்குளம், சாட்டி துயிலும் இல்லங்களில் எடுத்த படம் உங்களிடம் இருந்தால், பின்பக்கம் இயற்பெயர், ஊர், கல் இருந்த வரிசை, எடுத்த ஆண்டு எழுதுங்கள். ஒரு பிரதியை வெளிநாட்டில் உள்ள உறவினருக்கு அனுப்பிவையுங்கள்.