ஜவ்வாது மலையில் எரிமீன் பிடித்த இரவு

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வரை சமவெளி. ஆலங்காயத்தைத் தாண்டியதும் காடு ஆரம்பித்துவிடும். வளைந்து வளைந்து ஏறும் சாலையில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 700 மீட்டர் உயரத்துக்கு வந்தால் காவலூர். திருப்பத்தூர் மாவட்டத்தில், ஜவ்வாது மலைமேல் உள்ள சிறிய ஊர். சாமையும் கேழ்வரகும் கொள்ளும் விளையும் மண். பலாவும் புளியும் ஊருக்கு ஊர் நிற்கும். இந்த மலைத் தேனுக்கு வேலூர் சந்தை வரை பெயர் உண்டு.

காவலூருக்கு இன்னொரு பெயரும் உண்டு. ஆசியாவின் பெரிய தொலைநோக்கிகளில் ஒன்று இங்கேதான் இருக்கிறது. பெங்களூரில் உள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனம் நடத்தும் மையம் இது. வேணு பாப்பு என்ற விஞ்ஞானி இருட்டான, மேகம் குறைந்த இடமாகத் தேடியபோது இந்த மலை அகப்பட்டது. 1972-ல் ஒரு மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10-ம் தேதி யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதற்கான அடையாளம் பதிவான இடங்களில் காவலூரும் ஒன்று. 1986-ல் 2.34 மீட்டர் தொலைநோக்கியைப் பிரதமர் ராஜீவ் காந்தி திறந்துவைத்தார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே பாப்பு காலமாகிவிட்டதால், அவர் பெயரையே தொலைநோக்கிக்கு வைத்தார்கள்.

பாப்புவின் முதல் பெரிய கண்டுபிடிப்பே ஒரு புகைப்படத்தில் கிடைத்ததுதான். 1949-ல் அமெரிக்காவின் ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது, இரவு வானத்தைப் படம் எடுத்த தட்டு ஒன்றில் அதுவரை யாரும் பார்க்காத வால்மீனைக் கண்டார். கண் ஒரு நொடியில் பார்ப்பதை மறுநொடி விட்டுவிடும். கேமரா அப்படி இல்லை. எவ்வளவு நேரம் திறந்துவைக்கிறோமோ, அவ்வளவு நேரம் வந்த வெளிச்சத்தையும் சேர்த்துவைக்கும். சொட்டு நீரில் தொட்டி நிரம்புகிற கதைதான்.

பெரிய தொலைநோக்கி செய்யும் அதே வேலையைச் சின்ன அளவில் ஒரு பழைய கேமராவை வைத்து யாரும் செய்யலாம். காவலூருக்குச் சற்றுத் தள்ளி, ஒரு சாமைக் களத்தில் டிசம்பர் 14-ம் தேதி பின்னிரவில் நடந்தது அதுதான். ஆம்பூரில் காலணி கம்பெனியில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர், இரண்டாம் கையாக வாங்கிய கேமராவோடு தாய்மாமன் ஊருக்கு 13-ம் தேதி சாயங்காலமே வந்துவிட்டார். மாமாவுக்கு மூன்று ஏக்கர். சாமை அறுத்து, அடித்து, களம் காலியாகக் கிடந்தது. கிணற்றடியில் கால் ஏக்கரில் மட்டும் கார்த்திகைப் பட்டத்து நிலக்கடலை விதைத்து நாலு நாள் ஆகியிருந்தது.

ஏன் அந்தத் தேதி? ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 13, 14 தேதிகளில் ஜெமினிட் என்ற எரிமீன் பொழிவு உச்சத்துக்கு வரும். புனர்பூசம் என்று பஞ்சாங்கத்தில் சொல்கிறோமே, அந்த இரட்டை நட்சத்திரம் இருக்கும் பக்கத்திலிருந்து தெறித்து வருவதுபோல எரிமீன்கள் தெரியும். இரவு எட்டு மணிக்கு வடகிழக்கில் எழும்பும் இந்த இரட்டையர், இரண்டு மணி வாக்கில் உச்சிக்குச் சற்று வடக்கே வந்து நிற்பார்கள். அந்த நேரம்தான் அதிகம் விழும். நல்ல இருட்டில், மேகமில்லாத வானத்தில் மணிக்கு ஐம்பதுக்கும் மேல் எண்ணலாம். நகரத்தில் ஐந்து தெரிந்தாலே பெரிது.

விழுவது நட்சத்திரம் அல்ல. 1983-ல் கண்டுபிடிக்கப்பட்ட ஃபேத்தன் என்ற சிறுகோள் சூரியனைச் சுற்றும் பாதையில் உதிர்த்துவிட்டுப் போன தூசிதான் இது. பெரும்பாலும் மணல், கடுகு அளவுதான். ஆண்டுக்கு ஒருமுறை பூமி அந்தப் பாதையைக் கடக்கிறது. விநாடிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் காற்றில் மோதி, தரையிலிருந்து 100 கிலோமீட்டர் உயரத்திலேயே எரிய ஆரம்பித்துவிடும். அந்த வேகத்தில் காவலூரிலிருந்து சென்னைக்குப் போக ஐந்து விநாடி போதும். எரிமீனைப் பார்த்தால் உடனே பச்சை மரத்தைப் பார்க்க வேண்டும், பூப்பெயர் சொல்ல வேண்டும் என்று சில ஊர்களில் பெரியவர்கள் சொல்வார்கள். கடுகளவு தூசி யாருக்கும் கேடு செய்யாது. மரத்தைப் பார்க்கிற நேரத்தில் அடுத்த எரிமீன் போய்விடும் என்பதுதான் நஷ்டம்.

ஒன்பது மணிக்குக் கேமராவை முக்காலியில் பூட்டி, மருமகன் ஒரு படம் எடுத்துப் பார்த்தார். படத்தின் கீழ்ப்பாதி முழுக்க வெள்ளைப் புகை. பம்ப்செட் அறைமேல் மாமா புதிதாகப் போட்டிருந்த எல்.இ.டி. ஃபோகஸ் லைட்டின் வேலை அது. கண்ணுக்கு ஏதோ ஒரு விளக்கு. இருபது விநாடி சேர்த்துவைக்கும் கேமராவுக்கு அது ஒரு சூரியன்.

"மாமா, இன்னிக்கு ஒரு ராத்திரி அந்த லைட்டை அணைச்சிடலாமா?"

"அணைச்சா கல்லக்காய் போச்சு மாப்ளே. விதை போட்டு நாலு நாள்தான் ஆவுது. பன்னி வந்துச்சுன்னா சால் பிடிச்சு நோண்டும். காலையில பார்த்தா உழுது போட்ட மாதிரி இருக்கும்."

மாமா சொன்னதில் தப்பில்லை. விதைத்த நிலக்கடலையைக் காட்டுப்பன்றி மோப்பம் பிடித்து வரிசையாகத் தோண்டித் தின்னும். பயிரைத் தின்றால் பாதியாவது மிஞ்சும், விதையைத் தின்றால் பட்டமே போய்விடும். விதைப்பருப்பு விலைக்கு, கால் ஏக்கர் என்றாலும் சின்னத் தொகை அல்ல. மருமகனுக்கோ ஆண்டுக்கு ஒரு இரவு. அதற்காகச் சம்பளத்தை விட்டு இரண்டு நாள் லீவு போட்டு வந்திருந்தார். வானமும் அன்றைக்குத்தான் திறந்திருந்தது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அது சாதாரணம் அல்ல.

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு மாமாவே எழுந்துபோய், காலி எண்ணெய் டின் ஒன்றைக் கத்தரித்து, விளக்குக்கு மேலும் பக்கவாட்டிலும் குடைபோல வளைத்துக் கட்டுக்கம்பியால் இறுக்கினார். விளக்கையும் தரையைப் பார்க்கச் சாய்த்தார். வெளிச்சம் கடலைப் பாத்தியில் விழுந்தது. களத்தில் விழவில்லை. அடுத்த படத்தில் வெள்ளைப் புகை இல்லை, மரங்களின் நிழலுருவத்துக்கு மேல் நட்சத்திரங்கள் பொரியாய் இறைந்து கிடந்தன. தூரத்து மூலை மட்டும் இருட்டாகிவிட்டது. அதற்கு மாமா கம்பளியைப் போர்த்திக்கொண்டு, தகர டப்பாவும் குச்சியுமாக வரப்பில் உட்கார்ந்தார்.

அந்த ஃபோகஸ் லைட்டைப் பற்றி இன்னொன்றும் உண்டு. மேலே பார்த்து எரியும் வெள்ளை விளக்கு, பொறி இல்லாத விளக்குப்பொறி. சுற்றுவட்டாரத்துத் தாய் அந்துப்பூச்சிகளை எல்லாம் பயிர்மேல் கொண்டுவந்து சேர்க்கும். முறையான விளக்குப்பொறியைக்கூட மாலை 6 மணியிலிருந்து இரவு 10 வரை எரித்தால் போதும் என்றுதான் சொல்கிறோம். விடிய விடிய எரித்தால் நன்மை செய்யும் பூச்சிகளும் விழும். பன்றியும் ஒரே இடத்தில் நிலையாக எரியும் விளக்குக்குச் சில நாளில் பழகிவிடும். ஆமணக்கு எண்ணெயில் நனைத்த கயிற்றைச் சுற்றிலும் கட்டுவது, விளக்கை இடம் மாற்றுவது என்று எதையாவது சேர்த்துச் செய்தால்தான் பலன்.

மருமகன் கையாண்ட முறை எளிது. பழைய கேமராவோடு வந்த சாதாரண லென்ஸ்தான். அதில் எவ்வளவு அகலமாக எடுக்க முடியுமோ அவ்வளவு அகலமாக, 18-ல் வைத்தார். துளையை முழுக்கத் திறந்தார். ஐ.எஸ்.ஓ. 1600. ஷட்டர் 20 விநாடி. இருட்டில் கேமரா தானாகக் குவியம் பிடிக்காது என்பதால், பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கி, அது புள்ளியாகும் வரை கையால் திருகி, திருகிய வளையம் நகராமல் டேப் ஒட்டிவிட்டார். பிறகு கேமரா தானே ஒன்று முடிந்ததும் ஒன்று எடுத்துக்கொண்டே போனது. எரிமீன் விழுவதைப் பார்த்துவிட்டுப் பொத்தானை அமுக்க முடியாது. முக்கால் விநாடியில் எல்லாம் முடிந்துவிடும். வலையை விரித்துவைத்துக் காத்திருக்க வேண்டியதுதான்.

இருபது விநாடிக்கு மேல் வைத்தால் என்ன என்று கேட்கலாம். பூமி சுழல்வதால் வானம் மணிக்கு 15 பாகை நகர்கிறது. நேரம் கூடினால் நட்சத்திரம் புள்ளியாக விழாமல் கோடாக இழுபடும். மாமாவுக்கு இது புதிதில்லை. ராத்திரி முறைக் கரண்டில் தண்ணீர் பாய்ச்சிய காலத்தில், கார்த்திகைக் கூட்டம் எங்கே நிற்கிறது என்று பார்த்தே மடை மாற்றியவர் அவர். வடக்கே பார்த்து எடுத்த நூறு படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தபோது, மலைமுகட்டுக்குச் சற்று மேலே துருவ நட்சத்திரம் அசையாமல் நிற்க, மற்றவை எல்லாம் அதைச் சுற்றிச் செக்குமாடுபோல வட்டம் போட்டிருந்தன. நம் பகுதியில் துருவம் 12 பாகை உயரத்தில்தான் இருக்கும். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் 10 பாகை, அதைவிடக் கொஞ்சம் மேலே.

கேமரா இல்லாதவர்கள் கைப்பேசியிலேயே முயலலாம். 'புரோ' என்ற பிரிவில் ஷட்டரை 15 முதல் 30 விநாடி வரை வைக்க முடிகிற கைப்பேசி போதும். முக்காலி வேண்டாம். மரக்காலில் மணலையோ தானியத்தையோ நிரப்பி, அதில் கைப்பேசியை அண்ணாந்த வாக்கில் அழுத்திவைத்தால் அசையாது. கை பட்டாலே படம் ஆடிவிடும் என்பதால் 2 விநாடி டைமர் வைத்துவிட வேண்டும். டார்ச் விளக்கில் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றிக்கொண்டால் நல்லது. கண் இருட்டுக்குப் பழக அரை மணி ஆகும், ஒருமுறை வெள்ளை வெளிச்சம் பட்டால் மறுபடி முதலிலிருந்துதான். பனிதான் பெரிய தொல்லை. பன்னிரண்டு மணிக்கு மேல் லென்ஸில் நீர் கோத்துப் படம் மங்கிவிட்டது. துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் துண்டை லென்ஸின் கழுத்தில் மப்ளர்போலச் சுற்றிய பிறகு சரியானது.

மூன்று மணிக்குப் பன்றி வந்தது. இருட்டு மூலையில் சத்தம் கேட்டு மாமா டப்பாவைத் தட்டி விரட்டுவதற்குள் இரண்டு சால் போய்விட்டது. மருமகன் முகம் சுண்டியது. "விடு மாப்ளே, விளக்கு எரிஞ்ச அன்னிக்கே ஒரு சால் போச்சு" என்றார் மாமா. மறுநாள் அந்த இடத்தில் ஊறவைத்த விதையை இருவரும் சேர்ந்து ஊன்றினார்கள்.

விடியும்போது எண்ணூறுக்கும் மேல் படங்கள். எரிமீன் அகப்பட்டது ஒன்பதில். கண்ணால் பார்த்தது அதைவிடப் பல மடங்கு. படத்தில் இருக்கும் கோடெல்லாம் எரிமீன் அல்ல. இரண்டு மூன்று படங்களில் தொடர்ந்து ஒரே நேர்கோட்டில் போனால் செயற்கைக்கோள். விட்டுவிட்டு மின்னினால் விமானம். ஒரே படத்தில் தொடங்கி அதிலேயே முடிந்து, இரு முனையும் மெலிந்து நடு தடித்திருந்தால் எரிமீன்.

மேற்கே பார்த்து எடுத்த படங்களில் அடிவானத்தில் மஞ்சள் படலம் ஒன்று இருந்தது. கண்ணுக்கு அது தெரியவே இல்லை. "காடு எரியுதா?" என்று கேட்டார் மாமா. காடு இல்லை, வாணியம்பாடி, திருப்பத்தூர் பக்கத்து வெளிச்சம். தெருவுக்கு என்று போட்ட விளக்கில் ஒரு பங்கு வானத்துக்குப் போகிறது. மின்கட்டணத்தில் ஒரு பங்கும் அதோடு போகிறது. இருட்டைத் தேடித்தான் காவலூருக்குத் தொலைநோக்கி வந்தது. மலையில் இப்போது வீட்டுக்கு வீடு, வயலுக்கு வயல் ஃபோகஸ் லைட் ஏறிக்கொண்டிருக்கிறது. வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. பன்றியும் பாம்பும் உள்ள ஊர். டின் குடை ஒன்றைக் கட்ட ஆகும் செலவு கட்டுக்கம்பி மட்டுமே.

படம் எடுக்கக் கிளம்புகிறவர்கள் காப்புக்காட்டுக்குள் இரவில் நுழையக் கூடாது. வனத்துறை அனுமதி வேண்டும், கரடி நடமாட்டமும் உண்டு. பட்டா நிலத்துக் களம், மொட்டை மாடி, ஏரிக்கரை போதும். தொலைநோக்கி மையத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் எந்த நாளில் அனுமதி என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போகலாம்.

டிசம்பரில் மேகம் ஏமாற்றினால் ஏப்ரல் 22-ஐ ஒட்டி லைரிட், மே 5, 6 தேதிகளில் விடியலுக்கு முன் ஹாலி வால்மீன் விட்டுச்சென்ற தூசியிலிருந்து வரும் பொழிவு என்று இரண்டு உண்டு. கோடை வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். எண்ணிக்கை ஜெமினிட் அளவுக்கு வராது. எதற்கானாலும் முதலில் நாள்காட்டியில் திதியைப் பார்க்க வேண்டும். அமாவாசையை ஒட்டி வந்தால் கிளம்பலாம். பௌர்ணமியை ஒட்டி வந்தால் அந்த ஆண்டு தூங்கிவிடலாம்.