வாப்பா நட்ட களா வேலி

1954 இல் பிரெஞ்சு ஆட்சி நீங்கிய பின்னும் பிரான்சோடு உறவு அறாத ஊர் காரைக்கால். அங்கே வாழும் என் தம்பி, கொல்லையின் களா வேலியை வெட்டிவிட்டு மதில் எழுப்பப் பணம் அனுப்பியுள்ளான். என் மனம் இன்னும் இணங்கவில்லை.

களா, அரளிக் குடும்பத்துச் செடி. காம்பை ஒடித்தால் வெண்பால் கசியும். அதன் இணை முட்களைத் தாண்டி ஆடு மாடு நுழையாது. வேர் பிடித்துவிட்டால் வறட்சியையும் தாங்கும். புளிக்கும் பச்சைக் காய் ஊறுகாய்க்கு உகந்தது. கருத்துப் பழுத்ததும் புளிப்போடு இனிப்பும் சேரும். உம்மா போடும் ஊறுகாயில் முதல் கிண்ணம் அண்டை வீட்டுக்கே செல்லும். எஞ்சிய பழங்கள் பிள்ளைகளுக்கும் பறவைகளுக்கும்.

ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவருக்குத் தர்மமாகும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்ததை ஸஹீஹ் புகாரி பதிவு செய்துள்ளது. வேலியை நட்ட வாப்பா இன்று கப்ரில் இருக்கிறார். அவருக்குச் சேரும் நன்மையின் வாயிலை நம் கையாலேயே அடைப்பதா?

தம்பியின் கவலையிலும் நியாயம் உண்டு. தெருவில் நீளும் முள் பிள்ளைகளின் காலைத் தைக்கும். பாதையிலிருந்து தொல்லை தருவதை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளையன்றோ? ஆகவே தெருப்பக்கம் மதில் எழும்பட்டும், அண்டை வீட்டை ஒட்டிய களா நிற்கட்டும் என்று அவனுக்கு எழுதியுள்ளேன்.

வாப்பாவின் தர்மத்தை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக! ஆமீன்.