உடுத்திய விளக்கு



அடுப்புத் தீயைக் கண்டால் அஞ்சுகிறோம். மின்கம்பியைக் கண்டால் குழந்தைகளை விலக்கி நிறுத்துகிறோம். உள்ளங்கையில் அடங்கும் பேட்டரியை மட்டும் விளையாட்டுப் பொருளாகவே எண்ணிவிடுகிறோம். நானும் அவ்வாறுதான் எண்ணியிருந்தேன். அதன் தழும்பு, ஒரு ரூபாய் நாணய அளவில், என் மகளின் இடுப்பில் இன்றும் இருக்கின்றது.

பள்ளி ஆண்டு விழா நாடகத்தில் அவளுக்கு விண்மீன் வேடம். தையல் அறிந்தவள் என்ற பெருமிதத்தோடு நீல அங்கியில் 20 வெண்ணிற எல்.இ.டி. விளக்குகளைத் தைத்தேன். பழுதான பொம்மை ஹெலிகாப்டரிலிருந்து எடுத்த தட்டையான லித்தியம் பேட்டரியை, வெளியே தெரியாதிருக்க இடுப்பு மடிப்பினுள் வைத்துத் தைத்தும்விட்டேன்.

வீட்டில் ஒத்திகை நடந்தது. குனிந்து நிமிர்ந்தவள், "உம்மா, சுடுது!" என்று அலறினாள். துணி உரசியதில் மூடப்படாத இரு கம்பிகள் ஒன்றையொன்று தொட்டுவிட்டன. கையிலிருக்கும் பொருள் சுட்டால் எறிந்துவிடலாம்; உடுத்தியிருக்கும் பொருளை என் செய்வது? கத்தரிக்கோலைத் தேடி, அங்கியைக் கிழித்தெடுப்பதற்குள் தோல் வெந்துவிட்டது.

மின்பணி செய்யும் என் தம்பி வந்து பார்த்தான். "விளக்கில் குற்றமில்லை, லாத்தா. பேட்டரியை அடைத்து வைத்ததுதான் குற்றம்" என்றான். அவன் கற்பித்ததை உங்களுக்கும் கூறக் கடமைப்பட்டிருக்கிறேன்.

தட்டை லித்தியம் பேட்டரியின் மேலுறை மிக மெல்லியது. வளைந்தாலோ, ஊசி பட்டாலோ தீப்பற்றக்கூடும். உப்பியதை ஒருபோதும் பயன்படுத்தலாகாது. தையல் வேலைக்கு, மீண்டும் மின்னேற்றத்தக்க நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரிகளே ஏற்றவை. ஒன்று 1.2 வோல்ட், மூன்றைத் தொடராக இணைத்தால் 3.6 வோல்ட். ஒரு விளக்குக்கு 20 மில்லி ஆம்பியர் எனில், 20 விளக்குகளுக்கு 400. ஆகவே 2000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரிகள் ஏறத்தாழ ஐந்து மணி நேரம் தாங்கும். ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனியே மின்தடை வேண்டும்.

இவையும் முனைகள் தொட்டுக்கொண்டால் கடுமையாகச் சூடேறும். எனவே பேட்டரிப் பெட்டியை ஒட்டியே, நேர்முனைக் கம்பியில் 1 ஆம்பியர் ஃபியூஸ் வைக்க வேண்டும். இணைப்புகளனைத்தையும் காப்புக் குழாயால் மூட வேண்டும். சுவிட்சுள்ள மூடிய பெட்டியை, ஒரே இழுப்பில் கழற்றத்தக்க வெளிப்பையில் வைக்க வேண்டும். அணிந்திருக்கும்போது மின்னேற்றுவதும், பேட்டரியைக் கழற்றாமல் துவைப்பதும் கூடவே கூடாது.

சிறியதாயிற்றே என்று நாணய வடிவப் பேட்டரியை நாடும் தாய்மார்களே! கைக்குழந்தை அதை விழுங்கினால், உணவுக்குழாயில் சிக்கி இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே கடும் புண்ணை உண்டாக்கக்கூடும். விழுங்கியதாக ஐயம் எழுந்தாலே, வாந்தி எடுக்க வைக்க முயலாமல் உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள். திருகாணியால் பூட்டிய மூடியில்லாத பொருளில் அதை வைக்காதீர்கள்.

அங்கியை மீண்டும் தைத்து முடித்தேன். மகளோ தொடவும் மறுத்தாள். "முதல்ல நீங்க கட்டிப் பாருங்க உம்மா" என்றாள். நியாயந்தானே! பெட்டியை என் இடுப்பில் செருகிக்கொண்டு, விளக்குகள் எரிய, இரண்டு மணி நேரம் வீட்டு வேலைகளைச் செய்தேன். குனியும்போதெல்லாம் அவள் வந்து பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். சூடேயில்லை. அதன் பின்னரே அணிந்தாள்.

விழாவன்று அரங்கம் முழுவதும் விண்மீனைப் பார்த்துக் கைதட்டியது. நான் விளக்குகளைப் பார்க்கவில்லை. அவளது கை இடுப்பை நாடுகிறதா என்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இறுதிவரை நாடவேயில்லை.