மூன்று கோல்டு ஃபிஷ்களும் ஒரு காய்ந்த மீட்டரும்

பெரம்பூரில் அந்த வீட்டு ஹாலில் இரண்டடி நீளத்துக்கு ஒரு மீன் தொட்டி இருக்கிறது. போன வருட மே லீவுக்குக் கோவையிலிருந்து வந்த பேத்திக்காகத் தாத்தா கொளத்தூர் போய் வாங்கி வந்தது. சென்னையில் வண்ண மீன் என்றால் எல்லோரும் போய் நிற்கும் இடம் கொளத்தூர்தானே! தொட்டியில் நான்கு கோல்டு ஃபிஷ். நான்குக்கும் பேத்தி பெயர் வைத்துவிட்டுத்தான் ஊருக்குக் கிளம்பினாள். வாரம் ஒருமுறை வீடியோ காலில் அவளுக்கு மீன்களைக் காட்டியாக வேண்டும்.

இப்போது தொட்டியில் இருப்பது ஒரே ஒரு மீன். மற்ற மூன்றும் ஒரே இரவில் போய்விட்டன.

ஆன்லைனில் அவர் ஒரு டிஜிட்டல் பி.ஹெச் மீட்டர் வாங்கியிருந்தார். பேனா சைஸ், சட்டைப் பாக்கெட்டில் அடங்கிவிடும். தண்ணீர் அமிலமா, காரமா என்று 0 முதல் 14 வரை ஓர் எண்ணாகச் சொல்லும். 7 என்றால் நடுநிலை. எண்ணில் ஒன்று குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடிவிட்டதென்று அர்த்தம். கோல்டு ஃபிஷ்ஷுக்கு 7-க்கும் 8-க்கும் நடுவில் இருந்தால் சுகம். ஆரம்பத்தில் மீட்டரும் 7.6 என்றுதான் காட்டிக்கொண்டிருந்தது.

இடையில் அவருக்கு முழங்கால் வலி வந்துவிட்டது. ஒரு மாதத்துக்கு மேல் தொட்டிப் பக்கமே போகவில்லை. பாட்டி தீனி போட்டதோடு சரி, தண்ணீர் மாற்றவில்லை. வலி குறைந்த பிறகு ஒருநாள் மாலை மீட்டரை எடுத்துத் தண்ணீரில் வைத்தார். 6.3! பதறிப்போனவர், சமையலறையிலிருந்து ஆப்ப சோடாவை எடுத்து வந்து ஒரு ஸ்பூன் கரைத்து ஊற்றினார். எண் பெரிதாக அசையவில்லை. இன்னொரு ஸ்பூன். படுக்கப் போகும்போது மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. பசி என்று நினைத்துவிட்டார்.

மறுநாள் மீட்டரையும் ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு கொளத்தூர் கடைக்கே போனார். கடைக்காரர் சொட்டு மருந்து விட்டு நிறம் பார்த்தார். 8.2. பிறகு பி.ஹெச் 6.86 என்று உறுதியாகத் தெரிந்த கரைசலில் மீட்டரை முக்கினார். 5.9 காட்டியது.

“சார், இதை எப்படி வெச்சிருந்தீங்க?”

“நல்லா துடைச்சு, டிராயர்லதான்பா வெச்சேன்.”

“அதான் சார் வினை. இந்த முனை காயவே கூடாது.”

மீட்டரின் நுனியில் மெல்லிய கண்ணாடிக் குமிழ் ஒன்று இருக்கிறது. அதன் மேற்பரப்பு ஈரத்தில் ஊறியிருந்தால்தான் ஒழுங்காக அளக்கும். காய்ந்தால் எண் தடுமாறும். அதற்காக ஆர்.ஓ. தண்ணீரில் ஊறவைப்பதும் தப்பு. உள்ளே இருக்கும் உப்பை அது மெல்ல மெல்ல வெளியே இழுத்துவிடும். பொட்டாசியம் குளோரைடு கரைசல் தனியாக விற்கிறார்கள். மூடிக்குள் சில சொட்டு விட்டு மூடினால் போதும். மூடி ஓரத்தில் வெள்ளையாக உப்புப் படிந்தால் பயப்பட வேண்டாம், கழுவினால் போய்விடும். காய்ந்த முனையைக்கூட அந்தக் கரைசலில் ஓர் இரவு ஊறவைத்தால் பல நேரம் பிழைத்துக்கொள்ளும். இவருடையது பிழைத்தது.

மீன்களுக்குத்தான் அந்த வாய்ப்பு இல்லை. மாற்றாத தண்ணீரில் கழிவிலிருந்து அம்மோனியா சேர்ந்திருந்தது. பி.ஹெச் குறைவாக இருக்கும்வரை அதில் பெரும்பகுதி அவ்வளவாகத் தீங்கு செய்யாத வடிவத்தில் கிடக்கும். பி.ஹெச் ஏற ஏற விஷமாகும். சோடா செய்த வேலை அதுதான்.

மீட்டர் வந்த அட்டைப் பெட்டியைத் தேடி எடுத்தார். 6.86, 9.18 என்று எழுதிய பொடிப் பாக்கெட்டுகள் பிரிக்காமல் அப்படியே கிடந்தன. செருப்புப் பெட்டியில் போடுவார்களே, அந்த ஈரம் உறிஞ்சும் பாக்கெட் என்று பாட்டி நினைத்திருந்தாராம். இதில் கொடுமை என்னவென்றால், அவர் 32 வருடம் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். சோதித்த தேதி எழுதாத பிரஷர் கேஜைக் கையால் தொட மாட்டார். பேனா சைஸில் இருந்ததால் இதை ஒரு கேஜாகவே அவர் நினைக்கவில்லை.

இப்போது மாதம் இரண்டு ஞாயிறு, காபி முடிந்ததும் அதுதான் வேலை. ஒவ்வொரு பொடியையும் பாக்கெட்டில் சொன்ன அளவு, 250 மில்லி டிஸ்டில்டு வாட்டரில் தனித்தனியாகக் கரைத்து வைத்திருக்கிறார். முதலில் 6.86. எண் ஆடாமல் நிற்கும்வரை காத்திருந்து பட்டனை அழுத்துவார். முனையை டிஸ்டில்டு வாட்டரில் அலசி, டிஷ்யூவால் ஒற்றியெடுப்பார். தேய்க்க மாட்டார். அடுத்து 9.18. தொட்டித் தண்ணீர் இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருப்பதால் இந்த ஜோடி. முக்கிய கரைசலைத் திரும்ப பாட்டிலில் ஊற்றுவதில்லை. 9.18 காற்றுப்பட்டாலே கெடும் என்பதால் அதைச் சீக்கிரம் மாற்றிவிடுகிறார்.

மூன்று வாரமாக வீடியோ காலில் அவர் போனைத் தொட்டிப் பக்கம் திருப்பவே இல்லை. கரன்ட் இல்லை, தொட்டியில் லைட் போய்விட்டது என்று ஏதேதோ சொன்னார். நான்காவது வாரம் சொல்லிவிட்டார். மீட்டர், சோடா, எல்லாம்.

பேத்தி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “எது தாத்தா மிச்சம் இருக்கு?” என்றாள். அவர் போனைத் திருப்பினார். வால் நீளமான ஆரஞ்சு மீன் கண்ணாடி ஓரமாக வந்து நின்றது.

“இப்ப தண்ணி எவ்ளோ காட்டுது?”

“இரு பாப்பா, மீட்டரைச் சரிபார்த்துட்டுச் சொல்றேன்.”