ரிவஸ்டன் ஏறாத ஜீப்

குருநாகலிலோ கம்பஹாவிலோ உள்ள ஒரு கார் சேலுக்குப் போய், புது ஜீப் ஒன்றை ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டால் கிடைக்கிற பாதை பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் இருக்கும். வாசலில் இடப்பக்கம் திரும்பி, அடுத்த சந்தி வரை போய், அங்கே வளைத்துக்கொண்டு திரும்பி வருவது. பக்கத்து இருக்கையில் விற்பனைப் பையன். ஏசி உச்சத்தில். வீதியில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "எப்படி சேர், சத்தமே இல்லைதானே?" என்று கேட்பான். சத்தம் இல்லைதான். சத்தம் போட வேண்டிய வேலை எதையும் அந்த எஞ்சினுக்கு யாரும் கொடுக்கவில்லை.

வாங்க வந்தவர் மாத்தளைக்காரர் என்றால் இந்தச் சோதனையால் அவருக்குப் பயன் மிகக் குறைவு. கண்டியிலிருந்து ஏ-9 வீதியில் அக்குறணை, அலவத்துகொட நெரிசலைத் தாண்டி வந்தால் பலகடுவ வளைவுகள். நகரத்தில் முத்துமாரியம்மன் கோவிலைக் கடந்து வடக்கே போனால் அலுவிஹாரை, நாலந்தா, நாவுல என்று தம்புள்ளை வரை பாதை ஓரளவு சமாதானமாகப் போகும். கிழக்கே இரத்தோட்டைப் பக்கம் திரும்பினால் கதை வேறு. மாத்தளை நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 360 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ரிவஸ்டன் உச்சியோ 1,400 மீட்டருக்கு மேல். இடையில் உள்ள முப்பது கிலோமீட்டர் சொச்சத்தில் தேயிலை, மிளகு, பைன் மரம், மூடுபனி, ஆளைத் தள்ளும் காற்று, எதிரே ஒலி எழுப்பிக்கொண்டே இறங்கும் பஸ் எல்லாம் உண்டு. எல்கடுவப் பாதையும் கம்மடுவப் பாதையும் அகலத்தில் இதைவிடக் குறுகியவை. ஒரு குடும்பம் ஜீப் வாங்க நினைப்பதே இந்தப் பாதைகளுக்காகத்தான். அதே பாதையில்தான் அந்த ஜீப்பை வாங்குவதற்கு முன் ஓட்டிப் பார்க்க முடிவதில்லை.

விற்பனையாளரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பதிவு செய்யப்படாத வண்டி அது. ஒரு கீறல் விழுந்தாலும் விலை இறங்கும். முன்பின் தெரியாத ஒருவரை நம்பி அதை மலைக்கு அனுப்ப யார்தான் துணிவார்? அதுவும் இன்றைய விலையில்.

விலைக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணியைக் காப்பாற்ற வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்குக் கதவு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் ஓடிய ஐந்து வருடங்களில் பழைய வண்டிகள் தங்க நகை போல விலை ஏறின. வாங்கிய காசைவிடக் கூடுதலாக விற்றுவிட்டு, பிறகு அதே காசுக்கு வேறொன்று கிடைக்காமல் முழித்தவர்கள் மாத்தளையிலும் உண்டு. கதவு திறந்தபோது வரிகளும் கூடவே வந்தன. சுங்கத் தீர்வை, அதன்மேல் மிகைவரி, உற்பத்தி வரி, விலை கூடிய வண்டிகளுக்கு ஆடம்பர வரி, எல்லாவற்றுக்கும் மேல் 18 சதவீத வற். நாலு மீட்டர் நீளம்கூட இல்லாத டொயோட்டா ரைஸ் ஒரு கோடி ரூபாயைத் தாண்டியது. லீசிங்கில் சமாளிக்கலாம் என்றால், 2025இல் கார், ஜீப்புகளுக்கு மத்திய வங்கி அனுமதித்த கடன், பெறுமதியில் 50, 60 சதவீதம் என்ற அளவுதான். மிச்சம் கையில் இருக்க வேண்டும். ஒரு காணித் துண்டின் விலை அது.

இந்த வரிகளில் உற்பத்தி வரி எஞ்சினின் சீசீ அளவை வைத்து ஏறுகிறது. மின்வாகனமானால் மோட்டரின் கிலோவாட்டை வைத்து. 2025 நடுப்பகுதியில் நூற்றுக்கணக்கான பி.வை.டி. மின்வாகனங்களைச் சுங்கம் தடுத்து வைத்தபோது, மோட்டரின் திறன் 100 கிலோவாட்டா, 150 கிலோவாட்டா என்பதே தகராறு. ஆக, இலங்கையில் எந்த எஞ்சின் அதிகம் விற்கும் என்பதை மலையும் தீர்மானிப்பதில்லை, ஓட்டுபவரும் தீர்மானிப்பதில்லை. வரி அட்டவணைதான் தீர்மானிக்கிறது. ஆயிரம் சீசீக்கு உட்பட்ட வண்டிக்கு இங்கே கிடைக்கும் மவுசு அப்படி வந்ததே.

ரைஸையே எடுத்துக்கொள்ளலாம். அது 2019 நவம்பரில் ஜப்பானில் வெளிவந்தது. செய்வது டைஹட்சு. 996 சீசீ, மூன்று சிலிண்டர், டர்போ. 98 குதிரைவலு என்று தாளில் இருக்கும். மலைக்காரர் பார்க்க வேண்டிய எண் அதுவல்ல, முறுக்கு விசை. 140 நியூட்டன் மீட்டர். அதுவும் எஞ்சின் நிமிடத்துக்கு 2,400 சுற்றைத் தொட்ட பிறகுதான் முழுதாகக் கிடைக்கும். தட்டையான வீதியில் இது யாருக்கும் தெரியவராது. ரிவஸ்டன் பாதையில் ஒரு கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸுக்கு வழிவிட்டு நின்று, உள்ளே ஐந்து பேரும் பின்னால் ஒரு மூட்டை அரிசியுமாக மறுபடி கிளம்பும்போது தெரியும். காலை அழுத்தினால் முதலில் ஒரு தயக்கம், பிறகு சீவீடீ கியரின் நீண்ட முனகல், அதற்குப் பிறகுதான் நகர்வு. எஞ்சினில் கோளாறு ஒன்றும் இல்லை, அதன் சுபாவமே அது. வாங்கும் முன் அதைத் தெரிந்துகொள்வதற்கும் வாங்கிய பின் தெரிந்துகொள்வதற்கும் இடையில் ஒரு கோடி ரூபாய் நிற்கிறது. நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே வண்டி ஐந்து மீட்டருக்குள் அடங்கும் ஆரத்தில் திரும்பிவிடும், தரையிலிருந்து 185 மில்லிமீட்டர் உயர்ந்து நிற்கும். கம்மடுவப் பக்கம் இரண்டும் பெரிய வரம்.

ஹைபிரிட் வாங்குபவருக்கு ஏற்றத்தில் கவலை குறைவு. மின்மோட்டர் நின்ற நிலையிலேயே இழுக்கத் தொடங்கிவிடும். அவர் சோதித்துப் பார்க்க வேண்டியது இறக்கத்தை. நீண்ட இறக்கத்தில் மோட்டர் மின்சாரத்தைத் திருப்பி பற்றரிக்குள் தள்ளியபடி வண்டியைப் பிடித்து வைக்கிறது. பற்றரி சின்னது. அது நிரம்பிவிட்டால் அந்தப் பிடி தளரும். எஞ்சினை வைத்து இறங்க வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் பிரேக் சூடேறும். அதற்கென்றே கியரில் உள்ள B எழுத்து எதற்கு என்று தெரியாமலே வருடக்கணக்காக ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். பலகடுவையில் கருகிய வாசனை வரும்போது முன்னால் போகும் லொறியைச் சந்தேகிப்பவர்களும் அவர்களேதான்.

டைஹட்சு பெயர் வந்ததால் ஒரு பழைய விஷயத்தையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். ரைஸ் ஹைபிரிட்டின் பக்கவாட்டு மோதல் சோதனையில் முறைகேடு நடந்ததென்று அந்த நிறுவனமே 2023 மே மாதம் ஒப்புக்கொண்டது. அந்த வருடக் கடைசியில் விசாரணை 64 மாதிரிகள் வரை விரிந்தது. தொழிற்சாலையின் சோதனைத் தாளே இந்த நிலையில் இருக்கும்போது, சந்தி வரை போய்த் திரும்பிய சோதனையை என்னவென்று சொல்வது!

ஜப்பானில் ஓடிய வண்டியைக் கொண்டுவந்து விற்கும் இடங்களில் ஏல அறிக்கையைக் கேட்டு வாங்கும் பழக்கம் இப்போது பரவலாகிவிட்டது. நாலரை கிரேடா, மோதித் திருத்தியதா, ஓடிய தூரம் மீட்டரோடு பொருந்துகிறதா என்று பார்க்கிறார்கள். நல்ல பழக்கம். ஆனால் அந்தத் தாள் சொல்வது ஜப்பானில் வண்டி எப்படி இருந்தது என்பதை மட்டும். வண்டியை ஸ்டார்ட் செய்ததும் ஒரு ஜப்பானியப் பெண்குரல் மிக மரியாதையாக எதையோ அறிவிக்கும். நெடுஞ்சாலைக் கட்டண அட்டை செருகப்படவில்லை என்பதே பெரும்பாலும் அந்த அறிவிப்பு. அந்த அட்டை இரத்தோட்டைக்கு ஒருநாளும் வரப்போவதில்லை. ஆனாலும் குரல் ஓயாது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் அதை அட்சரம் பிசகாமல் திருப்பிச் சொல்லும் அளவுக்கு வீட்டில் ஒருத்தியாகிவிடும்.

ஜீப் என்ற பேச்சுக்கு மாத்தளைத் தமிழரிடம் தனிக் கனம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னாரில் கரையிறங்கி, தம்புள்ளைக் காடு வழியாக நடந்தே மாத்தளைக்கு வந்து சேர்ந்தவர்களின் வாரிசுகள் பலர் இங்கே இருக்கிறார்கள். வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் விழுந்தவர்கள் ஏராளம். ரயில் மாத்தளைக்கு வந்தது 1880இல்தான். பின்னாளில் தோட்டத்துச் செம்மண் பாதையில் ஏறி இறங்கியது துரையின் ஜீப். லயத்துப் பிள்ளைகள் அதன் சத்தத்தை வைத்தே அது எந்த வளைவில் வருகிறது என்று சொல்வார்கள். அந்த லயங்களிலிருந்து படித்து ஆசிரியரானவரும், வளைகுடாவுக்குப் போய்த் திரும்பியவரும், தம்புள்ளைப் பொருளாதார மையத்தில் மரக்கறி வியாபாரம் செய்து உயர்ந்தவரும் இன்று ஜீப் வாங்கப் போகும்போது எரிபொருள் கணக்கு மட்டும் பார்ப்பதில்லை. விற்பனையாளர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

அதனாலேயோ என்னவோ, ஓட்டிப் பார்க்கப் போகிறவர் தனியாகவோ இன்னொரு மச்சானோடோதான் போகிறார். வண்டியின் பெரும்பகுதி ஆயுளில் பின்னிருக்கையில் உட்காரப் போகிற அப்பாயியை யாரும் கூட்டிப் போவதில்லை. ஜீப்பின் தரை உயரம். சேலையோடு முழங்கால் வலிக்காரி ஒருவர் ஏறி இறங்க முடியுமா என்பது பெரிய கேள்வி. நடுவில் உட்காருபவருக்குக் கால் வைக்க இடம் உண்டா, பின்பக்கம் ஏசிக் காற்று எட்டுகிறதா, ஜன்னல் விளிம்பு தாழ்வாக இருந்து சின்னப் பிள்ளைக்கு வெளியே தெரிகிறதா? கடைசிக் கேள்வி அற்பமாகத் தோன்றலாம். வளைவுப் பாதையில் வெளியே பார்க்க முடியாத பிள்ளைக்குத்தான் முதலில் வாந்தி வரும். கண்டி வரை ஒருமுறை அப்படிப் போய் வந்த குடும்பம் குதிரைவலுவைப் பற்றிப் பேசாது.

விவரம் தெரிந்த சிலர் வேறு வழி பிடித்திருக்கிறார்கள். வாங்க நினைக்கும் அதே மாதிரி வண்டியை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, வீட்டாரை ஏற்றிக்கொண்டு ரிவஸ்டன் தாண்டி இலுக்கும்புர வரை போய் வருகிறார்கள். ஒரு கோடிச் செலவுக்கு முன் அந்த வாடகை ஒரு தேநீர்க் காசு. அதைக்கூட வீண் செலவு என்று தட்டிக்கழித்துவிட்டு, பதிவுக்கு ராசியான நாள் பார்க்க ஜோசியரிடம் போகிறவர்களே அதிகம்.

மாத்தளையில் முழுமையாக ஓட்டிப் பார்த்து வாங்கப்படும் ஜீப் எதுவென்றால், அது ஊரிலேயே விலைக்கு வரும் பழைய வண்டி. முதல் தலைமுறை ஹொண்டா வெசல் என்று வைத்துக்கொள்வோம். 2013 கடைசியில் ஜப்பானில் அறிமுகமானது, இலங்கையில் சந்திக்குச் சந்தி நிற்பது. அதன் ஹைபிரிட் வகையில் உள்ள இரட்டைக் கிளட்ச் கியர்பெட்டியின் மென்பொருளுக்காக 2014இல் ஜப்பானிலேயே வண்டிகளைத் திருப்பியழைத்தார்கள். ஏற்றத்து நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போனால் அது சூடேறும் என்பது இங்கே கராஜ் வைத்திருக்கும் எந்த பாஸுக்கும் தெரியும். அதனால் வாங்குபவர் பாஸையும் கூட்டிக்கொண்டே போகிறார். உரிமையாளருக்கும் மறுக்க வழியில்லை. அவரும் பக்கத்து ஊர்க்காரர்தான்.

இரத்தோட்டை தாண்டியதும் பாஸ் ஏசியைப் போடச் சொல்வார். ஏற்றத்தின் நடுவில் நிறுத்தி, பிரேக்கிலிருந்து காலை எடுக்கச் சொல்லி, வண்டி எவ்வளவு பின்னால் உருளுகிறது என்று பார்ப்பார். ஆள் நடக்கும் வேகத்தில் கொஞ்சத் தூரம் ஊரவிட்டு, கிளட்ச் அதிர்கிறதா என்று கதவில் கை வைத்துக் கேட்பார். இறங்கும்போது ரேடியோவை நிறுத்தச் சொல்வார். கீழே வந்ததும் நாலு சில்லுக்குப் பக்கத்திலும் குனிந்து மோந்து பார்த்துவிட்டு, பொனட்டைத் திறப்பார்.

"கியர் பொக்ஸ் ஒருக்கா செஞ்சிருக்கு, இல்லையா?"

"ரெண்டு வருஷம் முந்தி, பாஸ். கண்டியில குடுத்துச் செஞ்சது."

"பில்லு இருக்கா?"

"வீட்டுல தேடணும்."

"தேடி எடுங்க. அது கிடைச்சப் பொறகு விலை பேசுவோம்."