கள்ளிக்கொம்புப் பிள்ளை

கார்த்திகை மாதத்தில் சானமாவில் பொழுது இறங்கிவிட்டால் யாரும் வாசலைத் தாண்டுவதில்லை. ராகி முற்றி அறுப்புக்கு நிற்கும் நேரம் அது. கர்நாடகத்துப் பன்னேர்கட்டாவிலிருந்து கிளம்பும் யானைகள் தளி, ஜவளகிரி காடுகள் வழியாக வந்து எங்கள் ஊரை ஒட்டிய காப்புக்காட்டில் தங்கும். பகலில் காட்டுக்குள் இருக்கும், இருட்டியதும் ராகிக்கு வரும். கூட்டம் சாலையைக் கடக்கிற வரைக்கும் வனத்துறைக்காரர்கள் ராயக்கோட்டை சாலையில் வண்டிகளை நிறுத்திவைப்பார்கள். எங்கோ வயலில் பட்டாசு வெடிக்கும். ஊர் நாய்கள் அத்தனையும் ஒரே திசையைப் பார்த்துக் குரைக்கும்.

அப்படி ஓர் இரவில் எங்கள் வீட்டுத் திண்ணையில் நாலைந்து பேர் மாட்டிக்கொண்டோம். கம்பெனிப் பெண்களை இறக்கிவிட வந்த வேன் டிரைவர் திரும்பிப் போக வழியில்லாமல் உட்கார்ந்திருந்தார். ஆனேக்கல் பக்கத்துக்காரர், கன்னடம் பேசுகிறவர். வீட்டுக்காரக் கிழவி தெலுங்கு. இந்தப் பக்கத்தில் முக்கால்வாசிக் குடும்பங்களுக்கு வீட்டுக்குள் ஒரு பாஷை, சந்தையில் ஒரு பாஷை. கிழவியை எல்லாரும் அவ்வா என்றுதான் கூப்பிடுவோம். பக்கத்துப் போர்ஷனில் ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் ஒருவரும் அவருடைய மகளும். மகள் பி.ஏ. ஆங்கிலம் படிக்கிறாள். மடியில் ஒரு தடிமனான புத்தகம்.

"என்னம்மா அது, அவ்வளவு பெருசா?" என்று அவ்வாதான் கேட்டார்.

'வுதரிங் ஹைட்ஸ்'. எமிலி பிராண்டி 1847இல் எல்லிஸ் பெல் என்ற புனைபெயரில் வெளியிட்ட நாவல். அந்தப் பெண் கதையைத் தமிழில் சொன்னாள். தெருவிலிருந்து தூக்கி வந்து வளர்த்த பையன் ஹீத்கிளிஃப். அந்த வீட்டுப் பெண் கேத்தரினுக்கு அவன்மேல் உயிர். ஆனால் வசதியான வேறொருவனைக் கட்டிக்கொள்கிறாள். ஓடிப்போனவன் பணத்தோடு திரும்பி வந்து இரண்டு குடும்பங்களையும் அடுத்த தலைமுறை வரைக்கும் பழி வாங்குகிறான். செத்துப்போன கேத்தரினிடம், பேயாகவாவது வந்து என்னோடு இரு என்று கெஞ்சுகிறான்.

கதை தொடங்குகிற இடத்தை அவள் கடைசியில்தான் சொன்னாள். பனியில் வழி அடைபட்டு அந்த வீட்டில் ராத்தங்கிய ஓர் ஆள். நள்ளிரவில் ஜன்னலில் ஏதோ உரசுகிறது. கண்ணாடியை உடைத்துக் கையை வெளியே நீட்டுகிறான். ஒரு சின்னக் கை அவன் கையைப் பிடித்துக்கொள்கிறது. உள்ளே விடு, உள்ளே விடு என்று ஒரு பெண்பிள்ளையின் குரல். பயத்தில் அவன் அந்த மணிக்கட்டை உடைந்த கண்ணாடியில் வைத்துத் தேய்க்கிறான், ரத்தம் ஓடுகிற வரைக்கும்.

டிரைவர் தோளைக் குறுக்கிக்கொண்டார். அவ்வா மட்டும் பயப்படவில்லை. அவருக்குக் கோபம் வந்தது.

"புள்ள கையக் கண்ணாடியில தேய்ச்சானா? அப்ப பேயி அவளா, இவனா?"

வகுப்பில் யாரும் இப்படிக் கேட்கவில்லை என்றாள் அந்தப் பெண். டிரைவருக்கு அவருடைய ஊர்ப் பேய் ஞாபகம் வந்துவிட்டது. தொண்ணூறுகளில் பெங்களூரிலும் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலும் வீட்டுக் கதவுகளில் 'நாளே பா' என்று எழுதிவைத்திருந்தார்கள். நாளைக்கு வா என்று அர்த்தம். இரவில் ஒருத்தி வந்து கதவைத் தட்டுவாள், அம்மா குரலிலோ பெண்டாட்டி குரலிலோ கூப்பிடுவாள், திறந்தால் உயிர் போய்விடும் என்று பேச்சு. கதவில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுப் போவாள், மறுநாளும் வந்து அதையே படிப்பாள். அவருக்கு அப்போது எட்டு வயது. கரித்துண்டால் எழுதியது அவர்தானாம். "நெஜமாவே அம்மா வெளிய இருந்து கூப்பிட்டாக்கூட தொறக்க மாட்டேன்க்கா. ஒருநாளு பாவம், ரொம்ப நேரம் நின்னாங்க."

அதன் பிறகுதான் நான் எங்கள் ஊர்க்காரியைப் பற்றிச் சொன்னேன்.

நான் பிறந்தது அரக்கோணத்துக்கும் திருவள்ளூருக்கும் நடுவில். திருவாலங்காட்டை ஒட்டிய பழையனூர்தான் நீலியின் ஊர். என் பாட்டி சொன்னபடி கதை இதுதான். முற்பிறவியில் ஒருவன் வேறொருத்திமேல் கொண்ட ஆசையால் கட்டிய மனைவியைக் கொன்றுவிட்டான். அவன் மறுபிறவியில் வணிகனாகப் பிறந்து பழையனூர் வழியாக வருகிறான். கொல்லப்பட்டவள் பேயாகக் காத்திருக்கிறாள். அவன் கையில் மந்திர வாள் இருப்பதால் நெருங்க முடியவில்லை. வழியோரக் கள்ளியில் ஒரு கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மனைவி வேடத்தில் பின்னாலேயே வருகிறாள். அவன் ஓடிப்போய் ஊர்ச்சபையில் இருந்த எழுபது வேளாளர்களின் காலில் விழுகிறான். அவளும் வந்து அழுகிறாள். என் புருஷன் என்னைத் தள்ளிவைக்கிறார், பிள்ளையைப் பாருங்கள் என்கிறாள். இறக்கிவிட்டதும் பிள்ளை அப்பா என்று அவனிடம் போகிறது. சபை நம்பிவிட்டது. வாளை வாங்கி வைத்துக்கொண்டு, இவளோடு ஓர் அறையில் தங்கு, உனக்கு ஏதாவது ஆனால் நாங்கள் எழுபது பேரும் உயிரைக் கொடுக்கிறோம் என்று வாக்குத் தந்தார்கள். விடிந்தபோது அவன் வயிறு கிழிந்து கிடந்தான். எழுபது பேரும் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்கினார்கள்.

அந்த இடம் இதுதான் என்று காட்டும் நினைவு மண்டபம் இன்றும் பழையனூரில் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் திருவாலங்காட்டுப் பதிகத்தில் இந்த வஞ்சத்தைக் குறிப்பிட்டிருக்கிறார்.

பாட்டி இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் வாக்குத் தந்த இடத்தில் குரல் தழுதழுக்கும். தீயில் இறங்குகிற இடத்தில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். சின்ன வயதில் நானும் சேர்ந்து அழுவேன். அன்றைக்குத் திண்ணையிலும் அதுதான் நடந்தது. சிப்காட்காரர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "சொன்ன சொல்லுக்காக எழுபது உயிரு. இப்ப யார் இருக்கா அப்படி?" என்றார். திருவண்ணாமலைப் பக்கம் நிலம் வைத்திருந்த குடும்பம். நிலத்தை அடமானம் வைத்த கதையும் அதில் சொல் தவறிய உறவுக்காரர் கதையும் எங்களுக்குத் தெரியும். அவர் யாரை நினைத்துப் பேசினார் என்று புரிந்தது.

அவ்வா வெற்றிலையை மென்றபடி கேட்டார்: "முன்ன அவளக் கொன்னானே ஒருத்தன், அப்ப இந்த எழுபது பேரு எங்க இருந்தாங்க?"

நாற்பது வருஷமாகத் தெரிந்த கதை. எனக்கு அந்தக் கேள்வி ஒருநாளும் தோன்றியதில்லை.

பொய்யழுகைக்குத் தமிழில் நீலிக்கண்ணீர் என்று பெயர். கதையைக் கேட்ட ஊர் சொன்ன தீர்ப்பு அது. தலைமுறை தலைமுறையாகக் கேட்டவர்கள் எழுபது பேர் பக்கம் உட்கார்ந்துகொண்டு அந்தச் சொல்லை உண்டாக்கினார்கள். கதை தெரியாதவர்கள்கூடத் தீர்ப்பை மட்டும் தினமும் சொல்கிறார்கள். அவள் குழந்தை பொய், வேடம் பொய், சரி. கொலை செய்யப்பட்டவளின் அழுகையில் எவ்வளவு பொய் இருக்க முடியும்?

நானும் அந்தச் சொல்லை ஒருமுறை ஒருத்தியின் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறேன். இருபது வருஷத்துக்கு முன்னால் நான் ஒரு கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்த ஒரு பெண்ணைத் தேடிப் புருஷன் வந்தான். வெள்ளைச் சட்டை, கையில் பழப்பை, மரியாதையான பேச்சு. அவள் போக மாட்டேன் என்று அழுதாள். வார்டனும் நானும் இன்னும் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசினோம். அவன் எங்களுக்கு முன்னால் சத்தியம் பண்ணினான். அவள் அழுகை நிற்கவில்லை. ஷிப்ட் மாறுகிற நேரம், எனக்கு அவசரம். "போதும்மா நீலிக்கண்ணீரு, கெளம்பு" என்றேன். அவள் சட்டென்று அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டு அவன் பின்னால் போனாள்.

நாலு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பி வந்தபோது அவளுடைய இடது மணிக்கட்டில் எலும்பு கோணலாகச் சேர்ந்திருந்தது. ஸ்க்ரூ டிரைவர் பிடிக்க வரவில்லை. பேக்கிங்குக்கு மாற்றினேன். என்ன நடந்தது என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பழையனூர்க்காரர்கள் நம்பக்கூடாதவளை நம்பிவிட்டார்கள் என்று பாட்டி சொல்வார். நாங்கள் நம்ப வேண்டியவளை நம்பவில்லை. அவர்கள் தீயில் இறங்கினார்கள். எங்களுக்கு அடுத்த நாளும் சம்பளம் ஓடியது. புத்தகத்தில் வரும் அந்தச் சின்ன மணிக்கட்டைப் பற்றிப் பக்கத்து வீட்டுப் பெண் சொல்லிக்கொண்டிருந்தபோது என் கண்ணுக்குத் தெரிந்தது இவளுடைய கைதான்.

நீலியை வேறு மாதிரி கேட்ட ஒருவரும் இருந்திருக்கிறார். ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்றான நீலகேசியை எழுதிய சமணர். பேர் தெரியாத புலவர். அவருடைய காப்பியத்தில், பலியைத் தடுத்த முனிவரைப் பயமுறுத்தி விரட்டுவதற்காக நீலியைக் கூப்பிடுகிறார்கள். முனிவர் அசையவில்லை. நீலி அவரிடமே பாடம் கேட்டு, ஊர் ஊராகப் போய்ப் பிற சமயத்தாரோடு வாதம் செய்கிறாள். குண்டலகேசி என்ற பௌத்தக் காப்பியத்துக்குப் பதிலாக எழுந்த நூல் இது. அந்தக் குண்டலகேசியும் ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்ட கள்வன் தன்னை மலையிலிருந்து தள்ளிக் கொல்லப் பார்த்தபோது, மூன்று முறை வலம் வருகிறேன் என்று சொல்லி அவனைத் தள்ளிவிட்டுத் துறவியானவள். கொலையும் பழியும் ஏறிய இரண்டு பெண்களை எடுத்து நம்மவர்கள் தர்க்கம் பேச வைத்திருக்கிறார்கள். எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது. நீலி வாயைத் திறந்தால் அழத்தான் வேண்டும் என்று அந்தச் சமணருக்குத் தோன்றவில்லை.

எமிலி பிராண்டிக்கு இந்த மாதிரி வாசகர்கள் உடனே கிடைக்கவில்லை. கொடூரம், முரட்டுத்தனம் என்றுதான் அன்றைய மதிப்புரைகள் பலவும் முகம் சுளித்தன. நாவல் வந்த மறு வருஷம் டிசம்பரில், முப்பது வயதில் எமிலி இறந்துபோனார். அவருடைய எழுதும் பெட்டிக்குள் ஐந்து மதிப்புரைகள் கத்தரித்து வைக்கப்பட்டிருந்தன. ஐந்தையும் எத்தனை முறை எடுத்துப் படித்திருப்பார்!

அதே திருவாலங்காட்டில் இன்னொரு பேயும் உண்டு. காரைக்கால் அம்மையார். மாம்பழ அதிசயத்தைக் கண்டு பயந்த கணவன் அவரை விட்டுப் போய்ப் பாண்டிநாட்டில் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டான். தேடிப் போனபோது மனைவி, குழந்தையோடு வந்து காலில் விழுந்தான். இனி இந்த உடம்பு எதற்கு என்று தசையை உதறிவிட்டுப் பேயுருவம் கேட்டு வாங்கினார். ஆலங்காட்டில் ஆடுகிறவன் காலடியில் இருந்து பாடினார். அறுபத்துமூவரில் ஒருவர். சிறு வயதில் அந்தக் கோவிலுக்குப் போகும்போது எலும்பும் தோலுமான அந்த உருவத்தைப் பாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிடுவார். நீலி பேரை விளக்கு வைத்த பிறகு சொல்ல விடமாட்டார். புருஷன் கைவிட்ட இரண்டு பெண்கள், ஒரே காடு, இரண்டு பேய்கள். ஒருத்தி கோபத்தைப் பாட்டாக்கிக் கொண்டாள் என்பதற்காக மற்றவளின் கோபம் நியாயமில்லாததாகிவிடுமா? பாட்டி இருந்தால் கேட்டிருப்பேன்.

அன்றைக்கு வண்டிகளை விடும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. டிரைவர் போனார். படுத்தேன், தூக்கம் வரவில்லை.

காலையில் அவ்வா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். ராகிக் கொல்லையின் ஒரு மூலையை யானை மிதித்திருந்தது. பார்த்துவிட்டு வந்திருக்கிறார். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"ஏம்மா, விடிஞ்சப்ப அந்தப் புள்ள என்னாச்சி?"

"எந்தப் புள்ள அவ்வா?"

"அதான், கள்ளிக்கொம்புல பண்ணாளே. அவனக் கொன்னுட்டு அவ போயிட்டா. எழுபது பேரும் நெருப்புல போயிட்டாங்க. அந்தப் புள்ளய யாரு பாத்துக்கிட்டா?"

"அது மறுபடி கொம்பாத்தான் ஆகியிருக்கும் அவ்வா."

அவ்வா வாளியைக் கீழே வைத்தார். கொல்லைப் பக்கம் வேலியாக நிற்கிற கள்ளி வரிசையைப் பார்த்தார். அதில் பாதி அவர் ஒடித்து ஊன்றியது.

"கொம்பா இருந்தா என்ன? கள்ளிய எங்க போட்டாலும் வேர் விடும்" என்று சொல்லிவிட்டு மாட்டை அவிழ்க்கப் போனார்.